நாலு வரிக் கேள்விக்குறி

கண்ணுசாமியின் கோழிப்பண்ணையில் ஐப்பசியிலிருந்து மருந்துச் சீட்டு கேள்விக்குறியாகத்தான் அச்சாகிக்கொண்டிருந்தது. உப்பு என்று இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி. சோடா என்று இருக்க வேண்டிய இடத்திலும் கேள்விக்குறி. பக்கத்தில் எடை மட்டும் எண்ணில் பளிச்சென்று இருக்கும். என்ன பொருள் என்று தெரியாது, எவ்வளவு என்று மட்டும் தெரியும். இப்படி ஒரு சீட்டை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் பங்குனி வரைக்கும் கோழிக்குத் தீனி கலந்தது என்றால் வெளியூர்க்காரன் சிரிப்பான். சிரிக்கட்டும். நாமக்கல் பக்கத்தில் ஆம்பிளை ஒரு பொருளைக் காசு போட்டு வாங்கிவிட்டால் அது தப்புச் செய்யாது. தப்பு நடந்துவிட்டால் அது வீட்டுப் பொம்பளை செய்ததாகத்தான் இருக்கும்.

பண்ணை மோகனூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கூண்டு வைத்த மூன்று நீளமான செட்டுகள். நடுவில் தீவன மில், அதை ஒட்டி ஒரு சின்ன அறை. அந்த அறையை மருந்து ரூம் என்பார்கள். மக்காச்சோளம், சோயாப் புண்ணாக்கு, தவிடு, கல்தூள் எல்லாம் மூட்டைக் கணக்கில் நேராக மிக்சருக்குப் போய்விடும். அதை ரங்கன் பார்த்துக்கொள்வான். கொஞ்சமாகப் போட வேண்டிய சாமான்கள் மட்டும் மருந்து ரூமில் எடை போட்டுப் பையில் கட்டி வரும். அந்த எடை கண்ணாத்தாளின் வேலை. செட்டுப் போட்ட நாளிலிருந்து அந்த ரூமின் சாவி அவள் இடுப்பில்தான் இருந்தது.

நாலே நாலு சாமான். மயில்துத்தம், சோடா, உப்பு, விட்டமின். மயில்துத்தம் என்கிற நீலப் பொடி தீனியில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் போடுவது. ஒரு டன்னுக்கு அரைக் கிலோ. அதற்கு மேல் போனால் விஷம். அதனால் கண்ணாத்தாள் ஒரு பழக்கம் வைத்திருந்தாள். நீலத்தை முதலில் எடை போடுவாள், டப்பாவை இறுக மூடி மேல் தட்டில் ஏற்றுவாள், சோப்புப் போட்டுக் கை கழுவுவாள், அதற்கப்புறம்தான் மற்றதைத் தொடுவாள். கம்ப்யூட்டர் வந்தபோது சீட்டில் மயில்துத்தம் முதல் வரியாக இருக்க வேண்டும் என்று அவள்தான் கேட்டு வாங்கினாள். அந்த வீட்டில் அவள் கேட்டுக் கிடைத்தது அநேகமாக அது ஒன்றுதான்.

கம்ப்யூட்டரும் 'கொண்டைச்சேவல்' என்கிற சாப்ட்வேரும் மகன் செந்தமிழன் ஏற்பாடு. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு காலேஜில் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வீட்டோடு இருந்தான். பேருக்கு ஏற்ற மாதிரி இருக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு வைராக்கியம். வண்டி நம்பரைக்கூடத் தமிழ் எண்ணில் எழுதி, போலீசிடம் பிடிபட்டு, அபராதம் கட்டி, அதைப் போட்டோ எடுத்துப் போட்டு நூற்றுச் சொச்சம் பேரிடம் சபாஷ் வாங்கியவன். சாப்ட்வேர் வாங்கினால் தமிழில்தான் வாங்குவேன் என்று நின்றான். அது நல்ல காரியந்தான். கண்ணாத்தாள் தினமும் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து ஏல விளம்பரம் வரைக்கும் படிக்கிறவள். இங்கிலீஷ் மட்டும் தெரியாது. தமிழில் சீட்டு வந்தால் அவளுக்கு லேசு.

சேலம் அஸ்தம்பட்டியில் ஒரு கிளினிக்குக்கு மாடியில் ஆபீஸ் வைத்திருந்த ஜெயபிரகாஷ் வந்து சாப்ட்வேரைப் போட்டுக் கொடுத்தான். முப்பத்தைந்து வயசிருக்கும். பேச்சில் பாதி சிரிப்பு, மீதி 'நோ ப்ராப்ளம் சார்'. முதல் வருஷம் தமிழ் ஒழுங்காகவே வந்தது. ஐப்பசியில் ஒரு இடி விழுந்து பழைய கம்ப்யூட்டர் கருகிப்போனது. புதுக் கம்ப்யூட்டர் வாங்கி அதில் சேவலை ஏற்றினார்கள். அன்றைக்கு வந்ததுதான் கேள்விக்குறி.

செந்தமிழன் போன் போட்டான். ஆபீசில் சுகன்யா என்கிற பெண் எடுத்தாள். "சார், அது கம்ப்யூட்டருல ஒரு செட்டிங்கு மாத்தணும். யாராவது நேருல வந்தாத்தான் முடியும், நான் எங்க சார்கிட்டச் சொல்றேன்" என்றாள். சொல்லியிருப்பாள். ஜெயபிரகாஷ் திருப்பிக் கூப்பிட்டு, "ப்ரோ, அது சின்ன விஷயம், அடுத்த வெர்ஷன்ல சரி பண்ணிடலாம், நோ ப்ராப்ளம்" என்றான். செந்தமிழனும் சரி என்றுவிட்டான். தமிழுக்காக அபராதம் கட்டினவனுக்கு, தமிழ் இருந்த இடத்தில் கேள்விக்குறி நின்றது உறுத்தவில்லை. அதைப் போட்டோ எடுத்துப் போட முடியாது, அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

வேலை நிற்கவில்லை. முதல் வரி நீலம், இரண்டாவது சோடா, மூன்றாவது உப்பு, நாலாவது விட்டமின் என்று கண்ணாத்தாளுக்குத்தான் மனப்பாடமாயிற்றே. கேள்விக்குறியைப் பார்க்காமல் வரியைப் பார்த்து எடை போட்டாள். மழை போயிற்று, பனி போயிற்று. கோழிகள் தின்றன, முட்டை விட்டன. முட்டை தொண்ணூறு பர்சன்ட்டு போகுது என்று கண்ணுசாமி டீக்கடையில் சொல்லிக்கொண்டார். பழகிவிட்டால் எதுவும் கோளாறாகத் தெரியாது.

பங்குனி வெயில் தொடங்கியது. மத்தியானமானால் கோழிகள் வாயைப் பிளந்துகொண்டு இறக்கையை விரித்து நிற்கும். கூரைக்கு மேல் தண்ணீர் தெளித்தாலும் செட்டுக்குள் அனல்தான். அந்த நேரத்தில் புது வெர்ஷன் வந்தது. வந்த மறுநாள் காலையில் கண்ணாத்தாள் சீட்டை எடுத்துக்கொண்டு மருந்து ரூமுக்குப் போனவள், போன வேகத்தில் திரும்பி வந்தாள். கண்ணுசாமி கட்டிலில் உட்கார்ந்து முகச்சவரம் செய்துகொண்டிருந்தார்.

"ஏனுங்க, இதைக் கொஞ்சம் பாருங்க."

"என்ன?"

"மொத வரி மூணரைன்னு வந்திருக்குதுங்க. மொத வரி நீலமாச்சே. நேத்து வரைக்கும் அரைதானுங்க."

"கோழி டாக்டரு மாத்தியிருப்பாரு."

"மூணாவது வரி அரைன்னு வருது. உப்பு அரைக் கிலோ எப்பிடிங்க பத்தும்? இந்த வெயிலுக்குக் கூடத்தானே கேக்கும்?"

கண்ணுசாமி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏ புள்ள, உனக்கு என்ன தெரியும்னு காலங்காத்தால பேச வந்துட்ட? அது கணக்குப் போட்டுக் குடுக்குது. சந்தேகம்னா அதையக் கேளு. என்னையக் கேக்காத."

"டாக்டருக்கு ஒரு போனாச்சும் போட்டுக் கேட்டுப்போடுங்களேன்."

"போட்டா? இத்தன வருசம் பண்ணை வெச்சிருக்கறான், இதுகூடத் தெரியிலயான்னு அந்த மனுசன் நெனைக்கறதுக்கா?"

அவள் மகனிடம் போனாள். செந்தமிழன் படுத்தபடியே போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சாமி, சீட்டு மாத்தி வந்திருக்குது. எந்திரிச்சு வந்து என்னன்னு பாரு கண்ணு."

"அம்மா, புது வெர்ஷன்மா அது. டாக்டர் பார்முலா நேரா உள்ளயே வந்துரும். சும்மா நீயா அதையும் இதையும் மாத்தி வெச்சராத. அப்பறம் ரிப்போர்ட்டெல்லாம் தப்பாயிரும்."

கோழிக்கு ஆகுமா ஆகாதா என்பதைவிட ரிப்போர்ட் தப்பாகிவிடக் கூடாது. கண்ணாத்தாள் மருந்து ரூமுக்குத் திரும்பினாள். மூன்றரைக் கிலோ நீலத்தை அள்ளித் தராசில் வைத்துவிட்டு, ஒரு தரம் பாதியைத் திருப்பி டப்பாவில் கொட்டியதாகப் பிற்பாடு ரங்கனிடம் சொல்லியிருக்கிறாள். கொட்டினாலும் மறுபடி அள்ளித்தான் போட்டாள். புருஷனும் மகனும் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேசாமல் செய்துதான் அவளுக்குப் பழக்கம். அந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு வருத்தமும் உண்டு, ஆத்திரமும் உண்டு.

அடுத்த நாள் கோழிகள் தீனியைக் கொத்திப் பார்த்துவிட்டு ஒதுங்கின. வெயிலுக்கு அப்படித்தான் என்றார் கண்ணுசாமி. அதற்கடுத்த நாள் ரங்கன் முட்டை அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றான்.

"ஆத்தா, எச்சம் பச்சைப் பச்சையா அடிக்குதுங்க. தெக்கு செட்டுல பாதிக் கூண்டுல முட்டையே உருண்டு வரல. உருண்டு வந்ததும் ஓடில்லாம தோல்முட்டையா கெடக்குதுங்க."

"உங்க அய்யங்கிட்டச் சொல்லு ரங்கா. என்ற பேச்சு இங்க எடுபடாது."

ரங்கன் கண்ணுசாமியிடம் சொன்னான். அன்றிலிருந்து ஆம்பிளைகளின் ஆராய்ச்சி தொடங்கியது. தண்ணீர்த் தொட்டியைக் கழுவினார்கள். மக்காச்சோளம் விற்ற வியாபாரியைப் போனில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பக்கத்துப் பண்ணைக்காரன் கண்ணு வைத்துவிட்டான் என்று செட்டு வாசலில் பூசணிக்காய் கட்டினார்கள். பூசணிக்காய்க்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்த செந்தமிழன் பகுத்தறிவு பற்றி வாரம் ஒரு பதிவு போடுகிறவன். சீட்டை மட்டும் எவனும் எடுத்துப் பார்க்கவில்லை. கண்ணாத்தாள் இரண்டு தரம் வாயெடுத்தாள். இரண்டு தரமும் "நீ சும்மா இரு" என்று பதில் வந்தது.

கூண்டுக்குள் கோழிகள் கழுத்தை மடக்கிக்கொண்டு சாய ஆரம்பித்த பிறகு கோழி டாக்டர் தீர்த்தகிரி வந்தார். செத்த கோழி ஒன்றை மர நிழலில் பலகை மேல் வைத்து அறுத்தார். தீனி அரைபடுகிற பையைப் பிளந்து காட்டினார். உள்தோல் புண்ணாகி, உரிந்து, கரும்பச்சையாக இருந்தது.

"மயில்துத்தம் எத்தன போடறீங்க?"

"அரைக் கிலோங்க" என்றார் கண்ணுசாமி, ஒரு நொடி யோசிக்காமல்.

"இது அரைக் கிலோ போட்ட கோழி இல்லீங்களே. எடை யாரு போடறது?"

"இவதாங்க."

எல்லாரும் திரும்பினார்கள். கண்ணாத்தாள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மூணரைங்க டாக்டரு. சீட்டுல அப்பிடித்தான் வந்துது. இவருகிட்டக் கேட்டுட்டுத்தான் போட்டனுங்க."

"மூணரையா? அடிப் பாவி!" என்று கண்ணுசாமி தலையில் அடித்துக்கொண்டார். "எங்கிட்ட எப்பிடிக் கேட்ட நீயி? சவரம் பண்றவங்கிட்ட வந்து என்னமோ வரி, கோடுன்னு சொன்னா எனக்கு என்ன வெளங்கும்? நீலம் மூணரைன்னு தெளிவாச் சொன்னயா?"

சொல்லியிருந்தாள். அவர் காதில் விழுந்தும் இருந்தது. ஆனால் டாக்டருக்கு முன்னால், கோழி செத்துக் கிடக்கும்போது, ஒரு மனிதனுக்கு எது கேட்டது எது கேட்கவில்லை என்பதை அவனே தீர்மானித்துக்கொள்வான்.

டாக்டர் அந்தத் தீனியை அப்படியே அள்ளி வெளியே கொட்டச் சொன்னார். வேறு மில்லில் தீனி வாங்கிப் போடச் சொன்னார். பாதிக்கு மேல் பிழைக்கும், முட்டைக்குத் திரும்ப நாளாகும் என்றார். சொல்லிவிட்டு அவர் அடுத்த பண்ணைக்குப் போய்விட்டார். கண்ணுசாமி பெண்டாட்டியின் முகத்துக்கு நேராகக் கையை நீட்டினார்.

"சாவியக் குடு. இனி அந்த ரூமுப் பக்கம் உன்ற காலு படக் கூடாது."

கண்ணாத்தாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள். அழவில்லை. அந்த ராத்திரி சாப்பிடவில்லை.

சொந்தபந்தம், ஒறம்பரை எல்லாம் வரத் தொடங்கியது. எழவு வீட்டுக்கு வருகிற மாதிரி வந்தார்கள். பள்ளிபாளையத்திலிருந்து கண்ணுசாமியின் அக்கா அத்தாயி வந்து இறங்கினாள். கண்ணாத்தாள் ஆக்கிய அரிசிம்பருப்புச் சோற்றை நெய் விட்டு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டு, மேலுக்கு ரசமும் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டுக் கையைக் கழுவின கையோடு ஆரம்பித்தாள்.

"என்ற தம்பி ஆயுசுக்கும் சம்பாரிச்சதை ஒரே கரண்டில அள்ளிக் கொட்டீட்டயே கண்ணாத்தா. பொம்பளைக்குப் பேப்பரு என்னத்துக்கு, பேனா என்னத்துக்குன்னு நான் அப்பவே சொன்னேன். நாலெழுத்து தெரிஞ்சுட்டா நமக்கு எல்லாந் தெரியும்னு நெனப்பு வந்துருது."

"அதுல எழுத்தே இல்லீங்க நங்கை. எழுத்திருந்தா நான் ஏன் இப்பிடிப் பண்றேன்?"

"எதுத்துப் பேசறதுக்கு மட்டும் கொறச்சலில்ல."

அத்தாயி போகும்போது முழுசாய் இருந்த முட்டையில் ஒரு அட்டை எடுத்துக்கொண்டு போனாள். கண்ணாத்தாளுக்குக் கோழி போனதுகூடப் பெரிதில்லை. தன் கையால் கொன்றுவிட்டோம் என்று ஊர் சொல்கிறது, தானும் அதை நம்பிவிடுவோமோ என்பதுதான் அவளை அரித்தது. செட்டுப் பக்கம் போனால் கோழிகள் அவளைப் பார்த்துக் கொக்கரிப்பது வழக்கம். இப்போது அவை சத்தம் போடாமல் நின்றன. அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஜெயபிரகாஷ் காரில் வந்தான். டாக்டர் பார்முலாவை மாற்றவே இல்லை என்று தெரிந்த பிறகு செந்தமிழன் போனில் கொஞ்சம் சத்தம் போட்டிருந்தான். கூடவே சுகன்யாவும் வந்தாள். ஒல்லியாக, தோளில் பையோடு, பேசலாமா கூடாதா என்று தெரியாத முகத்தோடு நின்றாள். வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். ஜெயபிரகாஷ் மடியில் லேப்டாப்பைத் திறந்து கண்ணுசாமி பக்கம் திருப்பினான்.

"பாருங்க சார். இது உங்க டேட்டாதான். எங்கிட்ட நல்லாத்தான் வருது. பக்காவா தமிழ்ல வருது. உப்பு, சோடா, மயில்துத்தம், விட்டமின். எடையும் கரெக்ட். சாப்ட்வேர்ல ப்ராப்ளமே இல்ல சார்."

"அப்ப எங்கூட்ல ஏன் கேள்விக்குறியா வருது?"

"அது உங்க சிஸ்டம் சார். கேள்விக்குறி வந்தா வேலைய நிறுத்திட்டு எங்களைக் கூப்பிட்டிருக்கணும். தமிழ் வரலேன்னா இங்கிலீஷ்ல வெச்சுக்க வேண்டியதுதானே, அந்த ஆப்ஷனும் குடுத்திருக்கோம். இது ஆபரேட்டர் மிஸ்டேக் சார். நான் தப்பா சொல்லல. படிக்காதவங்க கையில சிஸ்டத்தக் குடுத்தா எந்த சாப்ட்வேரும் இப்படித்தான்."

கண்ணுசாமி தலையை ஆட்டினார். படிக்காதவள் என்று சொன்னது தன் பெண்டாட்டியை என்பது அவருக்கு உறைக்கவில்லை. குற்றம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே இருக்கிறது என்பதில் அவருக்கு ஒரு நிம்மதி.

கண்ணாத்தாள் டீ கொண்டுவந்தாள். கேட்டுக்கொண்டேதான் வந்தாள். தட்டை முக்காலியில் வைத்தாள். உள்ளே போனவள் அன்றைய சீட்டோடு வெளியே வந்தாள். கோழி சாய்ந்த பிறகும் அந்த இயந்திரம் தினமும் காலையில் தவறாமல் ஒரு சீட்டை அச்சடித்துக்கொண்டுதான் இருந்தது.

"தம்பி, ஒரு நிமிசங்க. நானு படிக்காதவதான். நீங்க படிச்சவுங்க. இதைய மட்டும் படிச்சுக் காட்டீட்டுப் போங்க."

ஜெயபிரகாஷ் சிரித்தான். "இதுல என்னம்மா இருக்கு படிக்கறதுக்கு? எல்லாம் கேள்விக்குறிதானே."

"அதையத்தான் படிக்கச் சொல்றேன். மொத வரி என்ன சாமானுங்க?"

"அது... லேப்டாப்புல பாத்தா தெரியும்மா."

"லேப்டாப்பு உங்க மடியில இருக்குது சாமி. எனக்கு இந்தச் சீட்டுத்தான் குடுத்தீங்க. இதைய வெச்சுத்தான் நான் வெசத்தை அள்ளோணும். படிங்க. நீங்க எழுதுன சாப்ட்வேருதானே? எழுதுனவருக்கே படிக்கத் தெரியிலீன்னா நானு எந்தப் பள்ளிக்கொடத்துல போயி இதையப் படிச்சிருக்கோணும், அதையாச்சும் சொல்லுங்க."

அவன் சீட்டைக் கையில் வாங்கவில்லை. அவள் கையை இறக்கவும் இல்லை. சுகன்யாதான் எழுந்து அந்தச் சீட்டை வாங்கினாள். லேப்டாப்புக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"அம்மா, நீங்க மொத வரி மயில்துத்தம்னு நெனச்சுப் போட்டீங்களா?"

"நெனச்சில்ல கண்ணு. மொத நாள்ல இருந்து மொத வரி அதுதான். நாந்தான் கேட்டு வாங்குனேன்."

"புது வெர்ஷன்ல வரிசை மாறிடுச்சும்மா. தமிழ் அகரவரிசைப்படி மாத்திட்டோம். இப்ப மொத வரி உப்பு. அதான் மூணரை. மயில்துத்தம் மூணாவதுக்குப் போயிருச்சு."

"அதைய யாரு கேட்டது?" என்றார் கண்ணுசாமி.

"செந்தமிழன் ப்ரோதான் சார் ரிக்வஸ்ட் குடுத்தாரு" என்றான் ஜெயபிரகாஷ் அவசரமாக. "தமிழ் சாப்ட்வேர்னா அகரவரிசை இருக்கணும், ஏ பி சி டி வரிசையெல்லாம் அடிமைத்தனம்னு மெயில் போட்டிருந்தாரு."

செந்தமிழன் போனை எடுத்து வராத செய்தி எதையோ படிக்கத் தொடங்கினான். எழுத்தே இல்லாத சீட்டில் அகரவரிசை கேட்ட ஒருவன். கேட்டதற்காக உட்கார்ந்து ஒழுங்காகச் செய்துகொடுத்த இன்னொருவன். கண்ணுக்குத் தெரியாத எழுத்துகள் அந்தச் சீட்டில் அகரம் பிசகாமல் வரிசையாக நின்றிருக்கின்றன. இரண்டு பேரும் படித்தவர்கள், இரண்டு பேரும் தமிழுக்கு உழைத்தவர்கள். கோழிகளுக்குத்தான் அந்தத் தொண்டு செரிக்கவில்லை.

"சரிம்மிணி, கேள்விக்குறி எப்பிடி வந்துது? அதையச் சொல்லு" என்றாள் கண்ணாத்தாள் சுகன்யாவிடம்.

சுகன்யா முதலாளியைப் பார்த்தாள். அப்புறம் அவனைப் பார்க்காமல் சொன்னாள். "ஒவ்வொரு எழுத்துக்கும் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு நம்பர் இருக்கும்மா. நம்ம சாப்ட்வேர் சீட்டு அடிக்கறப்ப மட்டும் பழைய முறையில போகுது. அதுல இருநூத்திச் சொச்சம் எழுத்துக்குத்தான் இடம். இங்கிலீஷ் உக்காந்துக்கும், தமிழுக்கு இடமில்ல. இடமில்லாத எழுத்து வந்தா கேள்விக்குறி வெச்சுட்டுப் போயிடும். சாப்ட்வேரையே மாத்தி எழுதணும். இல்லேன்னா கம்ப்யூட்டருல ஒரு டிக் போடணும், அப்ப எல்லா எழுத்துக்கும் இடம் குடுத்துரும். சாரோட லேப்டாப்புல அந்த டிக் இருக்கு. உங்க பழைய கம்ப்யூட்டருலயும் போட்டிருந்தோம். புதுசுல போடல."

"எங்கிட்ட நல்லா வருதுன்னு இவரு சொன்னது அதனாலயா?"

"ஆமாம்மா."

"ஐப்பசியில போன் போட்டமே, அப்பவே இது தெரியுமா?"

"தெரியும்மா. நான் சொன்னேன்."

"சுகன்யா" என்றான் ஜெயபிரகாஷ்.

"சொன்னேன் சார்" என்றாள் அவள்.

அவளே உள்ளே போய்க் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தாள். எதையோ திறந்தாள், ஒரு கட்டத்தில் டிக் போட்டாள், கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டாள். வெளியே வைத்த டீயில் ஆடை படிவதற்குள் சீட்டு வந்துவிட்டது. உப்பு. சோடா. மயில்துத்தம். விட்டமின். நல்ல தமிழ், கொம்பும் காலும் புள்ளியும் இருந்த இடத்தில் இருந்தன. மழையும் பனியும் போகிற வரைக்கும் ஆகாத காரியம்.

கண்ணாத்தாள் அந்தச் சீட்டைக் கையில் வைத்துப் படித்தாள். ஒரு தரம் படித்துவிட்டு மறுபடியும் படித்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. நம்ம கை கொல்லவில்லை என்று தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன, செட்டுக்குப் பின்னால் செத்த கோழிகளைப் போட்ட குழி மூடிக் கிடந்தது.

கார் போன பிறகு அந்த வீட்டில் ஒருவரும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தப்பாகப் பேசிவிட்டோம் என்று சொல்லக் கண்ணுசாமிக்கு நாக்கு வளையாது. அவர் செய்தது இவ்வளவுதான்: சாவியைக் கொண்டுவந்து சமையலறைத் திட்டில், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில், அவளுக்குத் தெரிகிற மாதிரி வைத்துவிட்டு மெதுவாக வெளியே போனார். அத்தாயிக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னபோது, "என்ன இருந்தாலும் பொம்பளை ஒரு வார்த்தை கேட்டுப் போட்டிருக்கலாம்" என்றாளாம் அவள். கோழிகள் பசித்துக் கொக்கரித்தன. கண்ணாத்தாள் சாவியை எடுத்துக்கொண்டு போய் எடை போட்டாள். பிழைத்த கோழிகளுக்கு இறகு கொட்டிப் புது இறகு முளைத்தது. சித்திரையில் ஒன்றிரண்டு கூண்டுகளில் முட்டை உருளத் தொடங்கியது.

அந்தச் சமயத்தில் ஜெயபிரகாஷ் இன்னொரு வெர்ஷன் அனுப்பினான். இதில் டிக் எதுவும் தேவையில்லை, எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் ஜம்மென்று வரும் என்று குரல் செய்தி அனுப்பியிருந்தான். செந்தமிழன் ஏற்றினான். முதல் சீட்டைக் கண்ணுசாமியே எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். ஏதோ தானே உட்கார்ந்து எழுதினவர் மாதிரி முகம்.

"பாத்தயா புள்ள? எப்பிடி அச்சா வந்திருக்குது பாரு. நீலத்தைக்கூடப் பழையபடி மொத வரிக்கே கொண்டாந்துட்டான்."

கண்ணாத்தாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். ஏல விளம்பரம் வரைக்கும் படிக்கிறவள் நாலு வரியோடு நிறுத்துவாளா. கீழே, கோடு போட்டதற்கு அடியில், இதுவரை இல்லாத ஒன்று பொடி எழுத்தில் இருந்தது. அவள் சத்தமாகவே படித்தாள்.

"மேற்கண்ட பொருள்களின் எடை தவறினால் எடை போடுபவரே முழுப் பொறுப்பு. எடை போடுபவர் பெயர், கையொப்பம்."

ஒரு எழுத்துக்கூடச் சிதையவில்லை. அந்த சாப்ட்வேர் தமிழில் பேசிய முதல் முழு வாக்கியம் அது.

"அது சும்மா, எல்லாத்துலயும் போடுவாங்க" என்றார் கண்ணுசாமி.

கண்ணாத்தாள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். சீட்டை நாலாக மடித்து, சாவியை அதன் மேல் வைத்து, இரண்டையும் அவர் கையில் கொடுத்தாள்.

"உங்க பேரை எழுதிக்குங்க. நீலத்தைத் தொட்டாக் கையைக் கழுவிப்போடுங்க."

"ஏ புள்ள, என்ன வெளையாட்டு இது? மிக்சரு ஓடீட்டிருக்குது, ரங்கன் மருந்துப் பைக்கு நிக்கறான்."

"சந்தேகம் வந்தா அதையக் கேளுங்க" என்றாள். "என்னையக் கேக்காதீங்க."

மிக்சர் சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் வேறு வழியில்லாமல் மருந்து ரூமுக்குப் போனார். டப்பாக்கள் உருளுகிற சத்தம் வந்தது. தும்மல் வந்தது. அப்புறம் குரல் வந்தது.

"கண்ணாத்தா, இதுல நீலத்தை அள்ளற கரண்டி எது?"

அவள் அன்றைய பேப்பரை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள். ஜெயபிரகாஷ் உட்கார்ந்திருந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.